போர் ஓவியர் பட்டியலில் யாருக்கு இடம்?

நம் வீடுகளில் ஒரு காலண்டர் படம் தொங்குவது உண்டு. சிவகாசியில் அச்சான படம். வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேர். தேரிலே கண்ணன். அவன் முன்னே வில்லைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பி நிற்கும் அர்ச்சுனன். இரு பக்கமும் சேனைகள்.

பாட்டி அந்தப் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். அது பூசைப் படம். ஆனால் அதுவே ஒரு போர்க்களத்தின் படமும்தான்.

இராஜபாளையத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் உள்ள தேவதானத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறார். "போரைப் படமாக எழுதிய ஓவியர்கள் பெயரைத் திரட்டுங்கள். நம் நூல்நிலையத்தில் வைக்க ஒரு பட்டியல் தயார் செய்வோம்" என்கிறார்.

மறுநாள் ஒரு சிறுமி காலண்டர் படத்தை எழுதியவர் பெயரைக் கொண்டு வருகிறாள். ஒரு பையன், சினிமாக் கொட்டகை வாசலில் சண்டைக் காட்சியைப் பெரிய தட்டியில் எழுதியவர் பெயரைச் சொல்கிறான். மூன்றாவது பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்கிறான்: "ஐயா, எங்கள் தாத்தா பட்டாளத்தில் இருந்தபோது ஒரு நோட்டில் பென்சிலால் படம் போட்டு வைத்திருக்கிறார். அவர் பெயரைச் சேர்க்கலாமா?"

ஆசிரியர் என்ன பதில் சொல்ல வேண்டும்? இதுதான் இன்றைய கேள்வி.

விட்டுப்போனால் கேட்பார் யார்?

ரேஷன் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் நாம் போய்ச் சண்டை போடலாம். வாக்காளர் பட்டியலில் விட்டுப்போனால் மனுக் கொடுக்கலாம். நூல்நிலையத்துப் பட்டியலில் விட்டுப்போனால் யார் வந்து கேட்பார்கள்? அந்த மனிதர் இறந்து பல காலம் ஆகியிருக்கும். அவர் பெயர் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது.

பின்னால் வருகிற பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பாடம் படிப்பார்கள். அதில் உள்ள படங்களைத்தான் தேடிப் பார்ப்பார்கள். அந்தப் படங்கள் காட்டும் போரைத்தான் உண்மைப் போர் என்று நம்புவார்கள். ஆகையால் பெயர்ப் பட்டியல் எழுதுவது சின்ன வேலை அல்ல.

தமிழில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகள் வந்தன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்காமல் அப்படிப்பட்ட நூலில் ஒரு பக்கமும் நகர முடியாது.

இரண்டாவது உலகப் போரின்போது பிரிட்டனில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. 1939-ல் அமைத்தார்கள். கென்னத் கிளார்க் அதன் தலைவர். எந்த ஓவியரைப் போர்முனைக்கு அனுப்புவது, யார் படத்தை விலைக்கு வாங்குவது என்று அந்தக் குழு முடிவு செய்தது. போர் முடிவதற்குள் 400-க்கு மேற்பட்ட ஓவியர்களின் 5,000-க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அனுப்பப்பட்டவர்களில் எரிக் ரவிலியஸ் 1942-ல் ஐஸ்லாந்துக் கடலில் விமானத்தோடு மறைந்தார். ஆல்பர்ட் ரிச்சர்ட்ஸ் 1945-ல் கண்ணிவெடியில் மாண்டார். தாமஸ் ஹென்னல் அதே ஆண்டு ஜாவாத் தீவில் உயிரிழந்தார்.

தூரிகை பிடித்தவர்களும் போரில் செத்திருக்கிறார்கள். அதனால் பெயரை விளையாட்டாகச் சேர்க்கவும் கூடாது. விளையாட்டாக விடவும் கூடாது.

கண்ணால் கண்டவரா?

"போரை நேரில் பார்த்தவர் மட்டுமே போர் ஓவியர்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்ப்போம்.

ராபர்ட் ஹோம் என்ற ஆங்கிலேய ஓவியர் 1791-ல் சென்னைக்கு வந்தார். திப்பு சுல்தானை எதிர்த்துப் போன கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனையோடு அவரும் போனார். 1792-ல் திப்பு சமாதானத்துக்கு இணங்கித் தம் இரண்டு ஆண் பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைத்தார். அந்தக் காட்சியை ஹோம் நேரில் பார்த்தார். பெரிய படமாக எழுதினார். படத்தின் ஓரத்தில், சித்திரக் கட்டோடு தம்மையும் எழுதிக்கொண்டார். "நான் இங்கே இருந்தேன்" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டதுபோல!

இன்னொருவர் ராபர்ட் கெர் போர்ட்டர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மறு ஆண்டே லண்டனில் அவர் 120 அடி நீளத்துக்கு அந்தக் கோட்டைச் சண்டையை எழுதிக் காட்டினார். சனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆனால் போர்ட்டர் இந்தியாவை மிதித்தவர் அல்லர். வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார்.

அப்படியானால் ஹோம் உள்ளே, போர்ட்டர் வெளியே என்று முடித்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 1937-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி ஸ்பெயின் தேசத்தில் கெர்னிகா என்ற சிற்றூர்மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. அப்போது பிக்காஸோ பாரிஸ் நகரத்தில் இருந்தார். பத்திரிகையில் செய்தி படித்தார். அந்தக் கோபத்தில் எழுதிய படம்தான் "கெர்னிகா". செத்த குழந்தையை மடியில் ஏந்திக் கதறும் தாய் அந்தப் படத்தில் இருக்கிறாள். விமானக் குண்டு என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொன்ன படம் அது. நேரில் பார்க்கவில்லை என்று சொல்லி அவரை வெளியே தள்ளினால், பட்டியலைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஆகவே நேரில் பார்த்தாரா என்பதை வாசற்கதவாக வைக்கக் கூடாது. ஆனால் அதை மறைக்கவும் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். "கண்டு எழுதியவர்", "கேட்டு எழுதியவர்", "மனத்தில் கண்டு எழுதியவர்" என்று மூன்றில் ஒன்று. கோர்ட்டில் சாட்சியை விசாரிப்பதுபோல இதைப் படிக்கிறவர் விசாரித்துக்கொள்ளலாம்.

வென்றவர் பக்கம் மட்டுமா?

ஹோம் நேர்மையான சாட்சி என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவர் கார்ன்வாலிஸ் பிரபுவோடு வந்தவர். அவர் படத்தில் பிரபு, தகப்பன்போலக் குனிந்து பிள்ளைகளை வரவேற்கிறார். பெற்ற பிள்ளையைப் பகைவனிடம் அனுப்பிய தகப்பனின் முகம் அந்தப் படத்தில் இல்லை.

எதிர்ப்பக்கம் என்ன எழுதினார்கள்? அதற்கும் சாட்சி இருக்கிறது.

1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, காஞ்சீபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெரும் சண்டை நடந்தது. ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை நொறுக்கினார்கள். பெய்லி கைதியானார். 1782-ல் சிறையிலேயே இறந்தார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அந்தச் சண்டை முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. ஹைதரும் திப்புவும் படையை நடத்தி வருகிறார்கள். நடுவிலே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பெய்லி பல்லக்கில் தவிக்கிறார். நம் தமிழ் மண்ணில் நடந்த போர் அது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஒரு வேடிக்கை. திப்பு மாண்ட பிறகு அந்த மாளிகை வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. தங்களைக் கேலி செய்யும் படம் என்று அவர்கள் அதை அழித்துவிடவில்லை. முதலில் வெல்லெஸ்லியும் பிறகு டல்ஹௌசியும் அதைப் புதுப்பிக்கச் செய்தார்கள். தோற்ற கதையைக்கூடக் காப்பாற்றி வைக்கலாம் என்று பகைவருக்கே தோன்றியது. பட்டியல் எழுதும் நமக்கு அந்த மனம் வேண்டாமா?

ஒரு போருக்கு ஒரு பக்கத்து ஓவியரைச் சேர்த்தால், மறுபக்கத்து ஓவியரையும் தேட வேண்டும். இது இரண்டாவது விதி.

பெயர் தெரியாதவருக்கு இடம் உண்டா?

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. பொள்ளிலூர்ப் படத்தை எழுதியவர் யார்? எழுதச் சொன்ன சுல்தானின் பெயர் நமக்குத் தெரியும். தோற்ற கர்னலின் பெயர் தெரியும். சுவரில் ஏறி நின்று எழுதிய கைகளுக்குப் பெயர் இல்லை.

இராமநாதபுரம் போவோம். அங்கே அரண்மனையில் இராமலிங்க விலாசம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சுவர்களில் வண்ண ஓவியம் எழுதினார்கள். சேதுபதி மன்னர் படைக்கும் தஞ்சை மராட்டியர் படைக்கும் நடந்த சண்டை அதில் இருக்கிறது. எழுதியவர் பெயர்?

காஞ்சீபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பல்லவர் வரலாறே கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பட்டாபிஷேகமும் உண்டு, போரும் உண்டு. 8-ம் நூற்றாண்டு வேலை. உளி பிடித்தவர் பெயர்?

அதற்கும் முன்னே நடுகல். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு வணங்கியது தமிழர் வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகற்கள் 2,000 ஆண்டுக்கு மேற்பட்டவை. அவற்றில் செத்தவன் பெயர் எழுதியிருக்கிறது. பிற்காலத்து நடுகற்களில் வாளும் வில்லும் ஏந்திய வீரனின் உருவமே செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியவன் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியல் என்றால் பெயர்ப் பட்டியல்தானே, பெயர் இல்லாதவரை எப்படி எழுதுவது என்று கேட்கலாம். இடத்தின் பெயரால் எழுதலாம். "தரியா தௌலத் மாளிகை ஓவியர்கள்", "இராமலிங்க விலாச ஓவியர்கள்" என்று எழுதினால் தடுப்பவர் யார்? ஆங்கிலேயர் கையெழுத்துப் போடுகிற வழக்கம் உள்ளவர்கள். நம் கலைஞர் கோயிலுக்கும் அரசனுக்கும் வேலை செய்து, கூலி வாங்கிக்கொண்டு, பெயர் சொல்லாமல் போனவர்கள். கையெழுத்து உள்ளவர்களை மட்டும் சேர்த்தால் பட்டியல் முழுவதும் வெள்ளைக்காரர் பெயராகவே இருக்கும். அதைப் பார்க்கும் நம் பிள்ளை, "நம்மவர்களுக்குப் படம் எழுதவே தெரியாதோ?" என்று நினைப்பான். அந்தப் பொய்க்கு நாம் துணை போகக் கூடாது.

பட்டினியும் போர்தான்

போர் ஓவியம் என்றால் பீரங்கியும் குதிரையும் மட்டுமா?

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நம்மவர் ஆயிரக்கணக்கில் பர்மாவிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்தார்கள். ஜப்பானியர் வந்தால் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று வங்காளத்துக் கரையோரங்களில் படகுகளை சர்க்காரே பறித்தது. பட்டாளத்துக்கு வாங்கிக் குவித்ததாலும், பதுக்கல்காரர்களாலும் அரிசி விலை ஏறிற்று. 1943-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர்கள்மேல் ஒரு துப்பாக்கிக் குண்டும் படவில்லை.

ஜைனுல் ஆபிதீன் என்ற இளம் ஓவியர் கல்கத்தா வீதிகளில் அந்தக் கோரத்தைப் பார்த்தார். கரியிலிருந்து செய்த மையால் மலிவான காகிதத்தில் எழுதினார். குப்பைத் தொட்டியில் காக்கையோடு போட்டியிடும் மனிதரை எழுதினார். சித்தப்பிரசாத் என்ற இன்னொருவர் மிதுனாப்பூர் பக்கம் கிராமம் கிராமமாகப் போனார். கண்டதை எழுதி, "பசித்த வங்காளம்" என்று பொருள்படும் பெயரில் புத்தகமாக வெளியிட்டார். பிரிட்டிஷ் சர்க்கார் அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது.

சர்க்கார் பயந்து அழித்த படம், போர்ப் படம் இல்லாமல் வேறு என்ன? இவர்களுக்கு இடம் கொடுக்காத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

பெண்களின் வேலையையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டனில் லாரா நைட் என்ற பெண் ஓவியர் 1943-ல் ஒரு படம் எழுதினார். பீரங்கிக்கு வேண்டிய பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் செய்யும் இளம்பெண்ணின் படம் அது. போர் ஆலையிலும் நடக்கிறது, அடுப்படியிலும் நடக்கிறது. இதை எழுதினவரும் போர் ஓவியரே.

சம்பளம் வாங்கியவரா? மறைத்து வரைந்தவரா?

1942, 1943-ம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று நம்மவர் இன்றும் சொல்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் அதில் வதைபட்டார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கைதிகளில் ரொனால்ட் ஸியர்ல் ஒருவர். ஜாக் சால்க்கர் இன்னொருவர். கிடைத்த காகிதத் துண்டில் வரைந்தார்கள். அகப்பட்டால் அடி, உயிரும் போகலாம். சால்க்கர் அகப்பட்டு அடி வாங்கினார். ஸியர்ல் தம் படங்களைக் காலராக் கண்டவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தார். தொற்றுக்குப் பயந்து காவலாளி அங்கே வரமாட்டான் அல்லவா! அவர்களை யாரும் நியமிக்கவில்லை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ரயில் பாதையில் நடந்தது என்ன என்று உலகம் கண்ணால் பார்க்க அவர்கள் படங்களே உதவின.

இப்போது நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். அதே பாதையில் வெள்ளைக்காரக் கைதிகளைவிட அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். அந்தத் தோட்டத்துக்குப் போனவர்களும் நம் ஊர்களிலிருந்து கப்பல் ஏறியவர்களே. அவர்களிடம் காகிதம் இல்லை. பென்சில் இல்லை. படிக்கும் வாய்ப்பே பலருக்கும் கிடைக்கவில்லை. வரைவதற்குக் கை இல்லாததால் அவர்கள் துன்பம் குறைந்துவிடுமா?

பட்டியலில் இந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஏன் வெறுமை என்று ஒரு வரி எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் பழைய கல்வெட்டுப் பலகை ஒன்று இருக்கும். 1914 முதல் 1919 வரை நடந்த மகாயுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் வெட்டியிருக்கும். தொகை இருக்கும், பெயர் இருக்காது. அந்தத் தவற்றையே நாமும் செய்யலாமா?

தொழில் தெரியாதவர் வரைந்தால்?

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாமீது அணுகுண்டு விழுந்தது. 29 ஆண்டு கழித்து, 1974-ல், ஒரு முதியவர் தாம் அன்று கண்டதைத் தாமே வரைந்து ஜப்பானிய ஒலிபரப்பு நிலையத்துக்கு எடுத்துவந்தார். அவர் ஓவியர் அல்லர். "உங்களுக்கும் நினைவிருந்தால் வரைந்து அனுப்புங்கள்" என்று நிலையத்தார் அறிவித்தார்கள். பாட்டிமாரும் கூலிக்காரரும் கடைக்காரரும் வரைந்து அனுப்பினார்கள். 2,000 படங்களுக்கு மேல் வந்து சேர்ந்தன.

இலங்கையில் ஒரு நிகழ்ச்சி. யாழ்ப்பாணத்து ஓவியரும் கலை வரலாற்று ஆசிரியருமான தா. சனாதனன், போரினால் வீடிழந்த மக்களிடம் போனார். விட்டுவந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமி அறை இங்கே என்று அவர்கள் கோடு போட்டார்கள். அவர்கள் சொன்ன கதையையும் தம் சித்திரத்தையும் சேர்த்து 2011-ல் "முழுமையற்ற தோம்பு" என்று பொருள்படும் பெயரில் நூலாக்கினார். தோம்பு என்றால் நிலப் பதிவேடு. வீடு போய்விட்டது, பத்திரம் போய்விட்டது, கோடு மிஞ்சியிருக்கிறது!

அந்தக் கோடு நேராக இல்லை, முகம் சரியாக வரவில்லை என்று குறை சொல்லலாமா? ஓவியப் போட்டிக்கு மார்க்குப் போடுவது வேறு. போருக்குச் சாட்சி தேடுவது வேறு.

அப்படியானால் எல்லோரையும் சேர்ப்பதா?

கூடாது. எல்லோரையும் சேர்த்த பட்டியலும் யாரையும் சேர்க்காத பட்டியலும் ஒன்றுதான். பந்தியில் ஊரே முண்டியடித்தால் உண்மையில் பசித்தவன் சாப்பிட மாட்டான்.

ரவிவர்மா பெரிய ஓவியர். இராவணன் ஜடாயுவின் சிறகை வெட்டும் படத்தை அவர் எழுதினார். பார்த்தால் மெய் சிலிர்க்கும். ஆனால் அது புராணத்துச் சண்டை. மனிதர் நடத்திய, தேதி உள்ள போர் அல்ல. ஆகவே ரவிவர்மா இந்தப் பட்டியலில் வரமாட்டார். அதனால் அவர் புகழ் ஒன்றும் குறையாது. கலைஞர் பட்டியல் வேறு இருக்கிறது; அதில் அவருக்கு முன்வரிசை.

யாரைச் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி போதும். "இவர் எழுதியது இல்லாவிட்டால், அந்தப் போரைப் பற்றி நமக்குத் தெரியவேண்டிய ஏதாவது தெரியாமல் போகுமா?" போகும் என்றால் சேர்க்க வேண்டும். போகாது என்றால் விட்டுவிட வேண்டும். பரிசு வாங்கினாரா, பட்டம் வாங்கினாரா, நம் ஜாதியா, நம் கட்சியா என்ற கேள்விகளுக்கு இங்கே வேலையில்லை.

நம் ஊர்ப் போருக்குப் படம் எங்கே?

தேவதானத்துக்காரருக்குப் போர்க்கதை புதிது அல்ல. ஊர்க் கோயிலின் பெயரே அதைச் சொல்கிறது. அங்கே சுவாமி பெயர் நச்சாடை தவிர்த்தவர். சோழன் பாண்டியனைக் கொல்ல நஞ்சு தோய்த்த ஆடையை அனுப்பினான். சிவபெருமான் அதைத் தடுத்துக் காத்தார் என்பது தலபுராணம். பரிசு என்று வந்த பட்டாடைக்குள்ளும் போர் ஒளிந்திருக்கும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

புராணம் இருக்கட்டும், சரித்திரத்துக்கு வருவோம். தென்காசி சாலையில் தெற்கே போனால் வாசுதேவநல்லூர். அதற்கு அப்பால் நெற்கட்டும்செவல். 1755-ல் கர்னல் ஹெரானின் படை நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க வந்து, முடியாமல் திரும்பிற்று. பூலித்தேவர் பணியவில்லை. சேற்றூர், கொல்லங்கொண்டான் பாளையத்தாரும் அவர் பக்கம் நின்றார்கள். 1761-ல்தான் யூசுப்கான் அவருடைய கோட்டைகளைப் பிடித்தான்.

அந்தச் சண்டையில் ராபர்ட் ஹோம்போல் ஒருவர் சித்திரக் கட்டோடு நிற்கவில்லை. இன்று நாம் பார்க்கும் பூலித்தேவர் படங்கள் பிற்கால ஓவியர்கள் மனத்தில் கண்டு எழுதியவை. அவற்றை வணங்குவது நம் உரிமை. ஆனால் பட்டியலில் "மனத்தில் கண்டு எழுதியது" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்வதால் பூலித்தேவரின் வீரம் ஒரு குன்றிமணி அளவும் குறையாது.

மூன்று பிள்ளைகளுக்கும் பதில்

இப்போது ஆசிரியர் பதில் சொல்லலாம்.

காலண்டர் படம் கொண்டுவந்த சிறுமிக்கு: "அம்மா, அது பக்திப் படம். பூ வைத்துக் கும்பிடு. இந்தப் பட்டியலுக்கு வேண்டாம். ஆனால் அதை எழுதியவர் பெயரை நீ தேடிக் கண்டுபிடித்தாயே, அது நல்ல பழக்கம்."

சினிமாத் தட்டி சொன்ன பையனுக்கு: "தம்பி, அது சினிமாவில் நடித்த சண்டையின் படம். தட்டி எழுதுவதும் பெரிய வித்தைதான். அதற்குத் தனிப் பட்டியல் போடுவோம். அதை நீயே தொடங்கு."

தாத்தாவின் நோட்டைப் பற்றிக் கேட்டவனுக்கு: "நாளைக்கே கொண்டுவா. சேர்க்கலாமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அதைப் பத்திரமாக வைத்திரு."

ஆம், பத்திரம்தான் முக்கியம். நம் பகுதியில் கலைக்கு இடம் கொடுக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. இராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா, சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். நாம் வீட்டைக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்குள் இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

தாய்மார்களே, பெரியவர்களே! உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டாளத்திலிருந்தோ பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ வந்த கடிதம், போட்டோ, கையால் வரைந்த படம் ஏதாவது இருக்கலாம். பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். யார் வரைந்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று மூன்று வரி போதும். மை வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அது எழுதும்.

பொள்ளிலூரை எழுதியவனின் பெயரை அன்று யாரும் மூன்று வரி எழுதி வைக்கவில்லை. இன்று எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. உங்கள் தாத்தாவின் பெயரும் அப்படித் தொலைய வேண்டாம். இன்றே எழுதுங்கள்!